எல்லை தாண்டிய தாலாட்டு

கூட்டத்தின் கடைசிப் பொருளாக என் புருஷன் வந்து நிற்பார் என்று எந்த ஜோசியன் சொல்லியிருந்தாலும், போய்யா நீயும் உன் கட்டமும் என்று எழுந்து வந்திருப்பேன். அன்று காலை நான் இஸ்திரி போட்ட உடையும் புதுச் செருப்புமாகக் கிளம்பிப் போனது ஒரு நாற்காலிக்காக.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் "ஓ, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்பீர்கள். என் மாமியார் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரை ஒட்டி ஒரு ஆறு. இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு. பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான்; அவர்கள் கொஞ்சம் இழுப்பார்கள், நாங்கள் கொஞ்சம் விழுங்குவோம். மனிதர்கள் ஆற்றைத் தாண்ட வேண்டுமென்றால் படகுத்துறையில் வரிசையில் நின்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். வானொலி அலை வரிசையில் நிற்காது. இங்கே ஒரு டாக்சிக்காரர் வாக்கிடாக்கியில் தும்மினால் அங்கே ஒரு தீயணைப்பு வண்டிக்காரர் திடுக்கிட்டுத் திரும்புவார். அதனால் எந்தச் சானல் யாருக்கு என்று இரண்டு அரசாங்கமும் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன. ஒற்றைப்படை சானல் எங்களுக்கு, இரட்டைப்படை அவர்களுக்கு. ஒரே தண்ணீர்த் தொட்டியை நம்பியிருக்கும் இரண்டு குடித்தனம் மாதிரிதான். பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் குடத்தோடு குடம் மோதும். மோதாமல் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு நாடும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி.

மோதினால் அதற்கும் ரகம் பிரித்திருக்கிறோம். பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி லேசான இரைச்சல் என்றால் அனுமதிக்கத்தக்க இடையூறு. அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி "சரி, போகட்டும்" என்று சகித்துக்கொண்டால் ஏற்றுக்கொள்ளப்பட்ட இடையூறு. சகிக்க முடியாது, கழுத்தைப் பிடித்தே தீருவோம் என்றால் தீங்கான இடையூறு. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா நான் எந்த வகை?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். வேலையைப் பற்றி வீட்டில் கிண்டல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

எங்கள் கூட்டங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. யாராவது ஒரு யோசனையைச் சொல்லி "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்ட பிறகு ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் அது நிறைவேறியதாக அர்த்தம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, ஒரு தரப்பின் அடுத்த குழுத் தலைவரை எதிர்த்தரப்புதான் முன்மொழிய வேண்டும். வாயைத் திறந்தாலே வம்பு வளர்க்கிற ஆளை அனுப்பிவைத்துப் பழிவாங்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ஏற்படுத்திய வழக்கம். இப்போதைய எங்கள் குழுத் தலைவரான இயக்குநர் தலைமையகத்துக்கு மாற்றலாகிப் போகிறார். அடுத்து நான்தான் என்று ஊருக்கே தெரியும். அக்கரைத் தலைவி என்னைச் சொல்ல வேண்டும், யாரும் ஆட்சேபிக்கக் கூடாது, அவ்வளவுதான் பாக்கி.

அக்கரைத் தலைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கூட்ட அறைக்குள் "மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களே" என்பேன். கை கழுவும் இடத்தில் "அக்கா, கொஞ்சம் சோப்பைத் தள்ளுங்க" என்பேன். அவரும் உள்ளே "எதிர்த்தரப்பின் வாதம் ஏற்கத்தக்கதல்ல" என்று மேசையைத் தட்டிவிட்டு, வெளியே வந்து "ஏன்மா கண்ணெல்லாம் இப்படி உள்ளே போயிருக்கு, குழந்தை தூங்க விடலயா?" என்பார்.

இடையில் இருந்த ஒரே முள் தாலாட்டு விவகாரம். சில வாரங்களாக அக்கரைப் படகுத்துறையின் வாக்கிடாக்கிகளில் மதியம் ஆனால் போதும், ஒரு ஆண் குரல் தாலாட்டுப் பாடுகிறதாம். படகு ஓட்டும் கேப்டன்களுக்குக் கண் சொக்குகிறதாம். ஒரு கேப்டன் அசந்துபோய், படகு துறையின் சுவரில் போய் முட்டி, முட்டைக்காரர் ஒருவரின் ஒரு நாள் வியாபாரம் முழுவதும் தரையில் மஞ்சளாக ஓடியதாம். குரல் உங்கள் கரையிலிருந்துதான் வருகிறது என்று புகார். அதற்குப் பதில் எழுதியது நான். "எங்கள் கண்காணிப்பு நிலையம் துருவித் துருவித் தேடியது. இக்கரையிலிருந்து ஒரு கொசு கூட அனுமதியில்லாமல் ரீங்காரமிடவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். தேடியது உண்மைதான். காலையில் தேடினோம், மாலையில் தேடினோம். மதியம் எங்கள் நிலையத்தில் சாப்பாட்டு நேரம். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் எல்லோரும் டப்பாவைத் திறப்பார்கள். நிலையம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

"இந்தத் தாலாட்டை மட்டும் இன்னிக்கு மூடிடுங்க" என்றார் இயக்குநர், படியேறும்போது. "நம்ம பக்கம் இல்லேன்னு நீங்க கையெழுத்துப் போட்டு, அதை நான் மேலே அனுப்பிட்டேன். அது பொய்யாப் போச்சுன்னா, அந்த அம்மா உங்களை முன்மொழியும்போது நானே ஆட்சேபணை சொல்லுவேன். அப்புறம் வருத்தப்படாதீங்க."

"பொய்யாப் போகாது சார்" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.

கூட்டம் வழக்கம்போல நடந்தது. கொடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் கொஞ்ச நேரம் போனது. போன கூட்டத்தின் குறிப்பில் ஒரு காற்புள்ளி பற்றிக் கொஞ்ச நேரம். பிறகு கடைசிப் பொருள் வந்தது. அக்கரைத் தலைவி சாட்சியாகப் படகுக் கேப்டனையே அழைத்து வந்திருந்தார். தொப்பையும் நரைத்த மீசையுமாக நல்ல ஆகிருதி. முட்டையை உடைத்த புண்ணியவான் இவர்தான். சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி இல்லாமல், நாடகம் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பதிவை ஓடவிட்டார்கள்.

"அம்மா போனா அலை பிடிக்க,
அப்பா நின்னேன் துணி துவைக்க,
அலையும் சிக்கல, அம்மாவும் வரல,
ஆராரோ கண்ணே அழாதே."

அறையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, யார் பெற்ற பிள்ளையோ என்று கூட நினைத்தேன். என் கணவர் என் முன்னால் ஒரு நாளும் பாடியதில்லை. பாட்டு முடிந்து பேச்சு வந்தது.

"தூங்குடி என் புளிமூட்டை. சாயங்காலம் கண்ட்ரோல் ரூம் வரும். வந்து, ஏன் குழந்தை மதியம் தூங்கலேன்னு என்னைத்தான் கேள்வி கேக்கும்."

உலகத்தில் தன் மகளைப் புளிமூட்டை என்று கொஞ்சுகிற ஆள் ஒருவர்தான். அவருக்குத்தான் நான் காலையில் டாட்டா காட்டிவிட்டு வந்திருந்தேன்.

"கண்ட்ரோல் ரூம்ங்கிறது அவரு சம்சாரம்" என்று கேப்டன் பொறுப்பாக விளக்கினார். "கொஞ்சம் கறாரான பொம்பள போல. நாங்க எல்லாருமே பயப்படுவோம்."

எங்கள் இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் அந்த மனுஷன்" என்று என் பக்கம் சாய்ந்து சொன்னார். "எந்த மகராசியோ!"

மகராசி தண்ணீர் குடித்தாள். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. குழந்தையின் தொட்டில் பக்கத்தில் வைக்கிற அந்தச் சின்னப் பெட்டி. குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கும். போன வருஷம் உலக அலைவரிசை மாநாட்டுக்குத் தூரதேசம் போனபோது நான்தான் ஆசையாக வாங்கி வந்தேன். உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு மண்டலம் அலைவரிசைப் பங்கு வேறு வேறு என்று அந்த மாநாட்டு மேடையில் அரைமணி நேரம் பேசிவிட்டு, இறங்கிக் கடைக்குப் போய் இன்னொரு மண்டலத்துப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறேன். கடையில் ஒன்றே ஒன்றுதான் கவனமாகப் பார்த்தேன்: நம் வீட்டு பிளக்கில் பொருந்துமா என்று. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியின் அலை எங்கள் கூடத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. அது எப்படி ஆற்றைத் தாண்டியது என்றுதான் விளங்கவில்லை.

"எங்கள் தரப்பின் யோசனை" என்று அக்கரைத் தலைவி எழுந்தார். "இரண்டு தரப்பும் ஒரே வண்டியில் போய், இன்று மதியமே குரல் வரும் திசையை அளந்து கண்டுபிடிக்கலாம். ஆட்சேபணை உண்டா?"

எனக்கு இருந்தது. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிறைவேறியது.

கை கழுவும் இடத்துக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தேன். அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்குகிற நேரத்தில் அவர் போனை மௌனமாக்கி அலமாரியில் வைத்துவிடுவார். மறுபடி செய்தேன். ஒரு நாடே அந்த மனுஷன் குரலை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது, கட்டினவளுக்கு மட்டும் தொடர்பு கிடைக்கவில்லை. எரிச்சலில் சோப்பை உடைத்துவிட்டேன்.

அளக்கிற வண்டி எங்களுடையது. கூரையில் சுழல்கிற ஆன்டெனா, உள்ளே திசை காட்டும் ஊசி, ஒரு ஒலிபெருக்கி. முன்னால் இரண்டு நாட்டுக் கொடியும் கட்டினார்கள். ஓட்டுநர் பக்கத்தில் கேப்டன். பின்னால் நானும் இயக்குநரும் அக்கரைத் தலைவியும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியில் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு வாளி தரையில் உரசுகிற சத்தம்.

"துணி காயப்போட்டுட்டு வந்துட்டாரு" என்றார் கேப்டன். "இனிமேதான் பேச்சு ஆரம்பிக்கும்."

ஊசி ஆற்றுக்கு முதுகைக் காட்டி, எங்கள் ஊருக்குள் கையை நீட்டியது. இயக்குநரின் முகம் சுருங்கியது.

"ஊசியை அப்படியே நம்பிடக் கூடாது" என்றேன். "உயரமான கட்டடத்துல பட்டுத் திரும்பும். இடது பக்கம் போய்ப் பார்க்கலாம்."

அக்கரைத் தலைவி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போன வருஷம் ரெண்டு தரப்புக்கும் சேர்த்து நீங்கதானே கையேடு எழுதினீங்க? சந்தேகம் வந்தால் ஊசியை நம்புன்னு அதுல இருக்கே."

இருந்தது. எழுதினவளை நான் மனதுக்குள் திட்டினேன்.

"இன்னிக்கு நம்ம கண்ட்ரோல் ரூமுக்குப் பெரிய பதவி வரப்போகுது, தெரியுமா?" என்றது ஒலிபெருக்கி. "சாயங்காலம் அவ வந்ததும் நாம ரெண்டு பேரும் கை தட்டணும். இந்தா, இப்படி. உனக்குத்தான் இன்னும் கை சேர மாட்டேங்குதே, போகட்டும், நான் பிடிச்சுக்கிறேன். நாமளா எதுவும் கேக்கக் கூடாது. வேலையைப் பத்திக் கேட்டா அவளுக்குக் கோவம் வரும்."

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

"அப்புறம் என் விஷயத்தைச் சொல்லலாம்னு இருக்கேன். இன்னிக்கு வேண்டாம், இன்னிக்கு அவ நாளு. நாளைக்கும் அலுப்பா இருப்பா. வீட்டுக்கு வந்தா காதுல அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு எந்த ஊரு இரைச்சலையோ கேட்டுட்டு இருக்கா. குறுக்கே பேசக் கூடாது. கடை எங்கே போயிடப் போகுது, பூட்டினது பூட்டினபடி இருக்கும். என்ன சொல்றே, புளிமூட்டை?"

"இதேதான்!" கேப்டன் இருக்கையில் திரும்பினார். "ரொம்ப நாளா இதைத்தான் சொல்லிட்டிருக்கான். மின்சாரச் சாமான் ரிப்பேர் கடை வச்சிருந்தானாம். குழந்தை பொறந்ததும் பூட்டிட்டான். மறுபடியும் திறக்கணும்னு ஆசை. சம்சாரத்துகிட்ட கேக்க வாய் வரல. இன்னிக்குக் கேப்பானா, நாளைக்குக் கேப்பானான்னு எங்க துறையில டீ பந்தயம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். தோத்துத் தோத்து எனக்கு டீயே பிடிக்காமப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாததை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சொல்லியிருக்கிறாரே என்று கோபம். பிறகு, என்னிடம் எப்போது சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, யாருடைய அலை யாருடையதில் உரசுகிறது என்று குறித்துக்கொண்டிருப்பேன். கோபம் போய் அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

வண்டி முச்சந்தியில் நின்றது. இடது பக்கம் மார்க்கெட், வலது பக்கம் எங்கள் தெரு. ஊசி வலது பக்கம் நடுங்காமல் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என்னை அலுவலகத்திலிருந்து எத்தனையோ முறை வீட்டில் இறக்கிவிட்ட மனுஷன். அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். மார்க்கெட் பக்கம் திருப்பச் சொல்லி, பேட்டரி தீர்ந்தது, நேரமாயிற்று என்று ஏதாவது சாக்குச் சொல்லி, சாயங்காலம் கமுக்கமாகப் பெட்டியைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். நாற்காலியும் என்னுடையதாகியிருக்கும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், இப்படி ஊர் கேட்கப் பாடுகிற பூசணிக்காயை எதில் மறைப்பது?

"வலது பக்கம்" என்றேன். "தெருக் கோடியில பச்சைக் கட்டடம், மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது. அது என் வீடு. பாடறது என் புருஷன்."

இயக்குநர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்கரைத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். கேப்டன் மட்டும் மெல்ல எழுந்து, கூரையில் தலை இடிக்க, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"அப்போ நீங்கதானா கண்ட்ரோல் ரூம்!"

மூன்று மாடி ஏறினோம். இயக்குநர் ஒவ்வொரு படியிலும் "கையெழுத்து... கையெழுத்து" என்று முனகிக்கொண்டே வந்தார். மணியை அடிக்கப் போனவரை நான் தடுத்தேன். சாவி போட்டுத் திறப்பதற்குள் என் கணவரே கதவைத் திறந்தார். தோளில் ஒரு துண்டு, இடுப்பில் பெட்டியின் மறுபாதி, உதட்டில் விரல்.

"ஷ்ஷ்ஷ்... இப்பதான் கண் அசந்தா."

எங்களை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பார்த்தார். நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் ஆபீஸே வீட்டுக்கு வந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். முகம் மலர்ந்து, சத்தமே வராமல் கை தட்டினார். கேப்டன் உடனே சத்தமில்லாமல் பதிலுக்குத் தட்டினார். ஓட்டுநரும் தட்டினார். என் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது, ஒரு சத்தமும் இல்லை.

செருப்பையும் ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு நாடுகளும் நுனிக்காலில் உள்ளே வந்தன. தொட்டிலில் புளிமூட்டை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலின் மேல் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பி, ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்கு ஏறியது.

"இது என்ன?" என்று கிசுகிசுத்தேன்.

"மாடியில துணி போடும்போது குழந்தை அழுதா கேக்கல" என்று அவரும் கிசுகிசுத்தார். "கீழே கடைக்குப் போனா சுத்தமா கேக்கல. அதான் மேலே சும்மா கிடந்த டிவி ஆன்டெனாவுல கோத்துட்டேன். இப்ப தெருமுனை வரைக்கும் தெளிவா கேக்குது."

தெருமுனை வரைக்கும்! அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா ஆன்டெனாவும் அக்கரையைப் பார்த்துத்தான் நிற்கும். அவர்கள் டிவியில் படம் நன்றாக வரும் என்று. இக்கரைக்கு அக்கரை பச்சை. கேபிள் வந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் வீட்டு ஆன்டெனா மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இயக்குநர் கம்பியை இழுக்கக் கை நீட்டினார். என் கணவர் பாய்ந்து பிடித்தார். "சார், சார், பிடுங்கினா கீச்சுன்னு கத்தும். எழுந்துடுவா. நாங்க ரெண்டு பேரும் இன்னிக்குப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் கேப்டன் உருக்கமாக.

அக்கரைத் தலைவி தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்ட அறையில் பேசுகிற அதே நடையை அப்படியே கிசுகிசுப்பில் பேசினார். "கூட்டம் தொடர்கிறது. எங்கள் தரப்பின் யோசனை. இந்தப் பெட்டிக்கு முறையான மாற்றுக் கிடைக்கும் வரை, கம்பியில்லாமல், இதை ஏற்றுக்கொள்ளப்பட்ட இடையூறாகக் கருதலாம். மேலும், முச்சந்தியில் தன் வீட்டுக்கே வழி காட்டியவர் இவர். இனி இவர் இல்லை என்றால் இல்லை என்று நம்புவோம், உண்டு என்றால் உண்டு என்று நம்புவோம். ஆகவே எதிர்த்தரப்பின் அடுத்த தலைவராக இவரை முன்மொழிகிறோம். ஆட்சேபணை உண்டா?"

இயக்குநர் மூச்சை இழுத்தார். அவர் மூச்சை இழுத்தாலே அது கிசுகிசுப்புக்கு இல்லை என்று எங்கள் அலுவலகத்தில் பியூன் வரை தெரியும். வாய் திறந்தது. தொட்டிலில் புளிமூட்டை புரண்டு "ங்ஙா" என்றாள். என் கணவர் இரண்டே எட்டில் போய் ஒரு நாட்டின் அலைவரிசை இயக்குநரின் வாயைத் தன் துண்டால் பொத்தினார். குழந்தை மறுபடி தூங்குகிறவரை எல்லோரும் சிலையாக நின்றோம்.

"யாரும் பேசவில்லை" என்றார் அக்கரைத் தலைவி. "நிறைவேறியது."

எனக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ அந்தச் சிவப்பு விளக்கையும் என் கணவரின் கையில் இருந்த ஈரத் துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க" என்றேன். "என்கிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்தீங்களே."

"நானா? ஒண்ணுமில்லையே."

"கடை."

அவர் முகம் வெளுத்தது. "உனக்கு யாரு சொன்னா?"

"அக்கரைக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியில தெரிஞ்சுது."

அவர் இயக்குநரின் வாயிலிருந்து துண்டை எடுக்க மறந்து நின்றார். "இப்ப எதுக்கு அது? நீ இனிமே ஊர் ஊரா கூட்டத்துக்குப் போகணும். நானும் கடையில போய் உக்காந்துட்டா இவளை யாரு பார்த்துக்கிறது?"

"ஒற்றைப்படை தேதி நான். இரட்டைப்படை தேதி நீங்க. கூட்டத்தையெல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுக்கிறேன். அக்கா, ஆட்சேபணை உண்டா?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

என் கணவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "முப்பத்தொண்ணு வர்ற மாசத்துல ஒற்றைப்படை ஒண்ணு ஜாஸ்தி வரும். உனக்கு நஷ்டம்."

"தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டேன். நாளைக்கே போய்க் கடையைத் திறங்க."

அப்போதுதான் ஆற்றிலிருந்து ஒரு படகின் சங்கு ஒலித்தது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு துறையில் நின்ற படகுகள் எல்லாமும் சேர்ந்துகொண்டன. கேப்டன் ஜன்னலுக்கு ஓடி, கையை உயர்த்தி, கண்ணீரோடு சிரித்தார். "கடை திறக்குது! கடை திறக்குது! டே, எனக்கு ரெண்டு டீ!" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். எங்கள் குடும்பத்தின் பேச்சு முழுவதையும் அக்கரையே நின்று கேட்டிருக்கிறது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புளிமூட்டை கண்ணைத் திறந்தாள். உதடு பிதுங்கியது. பிறகு படகுச் சங்கெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு அலறல்.

துண்டு விலகியதும் இயக்குநர் தன் ஆட்சேபணையைச் சொன்னார். நின்று, நிதானமாக, கையை ஆட்டி, எல்லாக் காரணங்களையும் எடுத்துச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், உதடு அசைந்தது. அக்கரைத் தலைவி காதில் கையை வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று தலையசைத்தார். என் கணவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திருப்பினார். அழுதுகொண்டிருந்தவளின் சின்னக் கைகள் இரண்டையும் பிடித்து, ஒன்றோடொன்று சேர்த்து, மதியம் அவளிடம் சொல்லி வைத்தபடியே தட்டினார்.